செடிக்கு உடம்பு சரியில்லை

இந்த லீவுக்கு மாமியார் வீட்டுக்குப் போவதே இல்லை என்று டிரைவிங் மாஸ்டர் தீர்மானம் செய்தபோது, மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் தீர்மானம் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. வீட்டில் அவர் பக்கம் இல்லை.

மாமியார் தங்கமானவர்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. போன லீவு முழுவதையும் மாஸ்டர் ஏணியின் மேலேயே கழித்தார். ஒட்டடை, பல்பு, தண்ணீர்த்தொட்டி! இந்த லீவில் சோபாவை விட்டு இறங்குவதாக இல்லை. அதற்கு வீட்டில் ஒரு நோயாளி வேண்டும்.

பால்கனியில் மனைவி நர்சரியில் வாங்கி வைத்த ரோஜா நின்றது. ஹைப்ரிட் டீ என்ற ரகம். பெயரில் டீ இருக்கிறதே என்று, குடித்த மிச்சத்தை மாஸ்டர் அதற்கு ஊற்றுவார். அவருடைய தோட்டக்கலை அத்தோடு சரி.

"செடி ஒரு மாதிரியா இருக்கு. இத இப்படியே விட்டுட்டு நான் எப்படி ஊருக்கு வர்றது?"

"எனக்கும் கவலையாத்தாங்க இருக்கு. நேரம் தவறாம தண்ணி ஊத்துங்க. மண்ணு காஞ்சா அவ்வளவுதான்."

மாஸ்டர் அன்றே தண்ணீரை நிறுத்தினார். சதசதவென்று கிடந்த மண் காய்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த செடி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கறுப்புப் புள்ளி விழுந்த இலைய மட்டும் கிள்ளிடாதீங்க. அதுக்கு மூச்சே அதுதான்" என்றாள் மனைவி, துணி உலர்த்திக்கொண்டே.

அவள் உள்ளே போனதும் ஒன்று விடாமல் கிள்ளி எறிந்தார். மிச்சமிருந்த இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். லீவு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"இலை போனாக்கூட பரவால்லைங்க. தண்டுல மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு வெட்டினா கதை முடிஞ்சுது."

"முழங்கால்னா… எது வரைக்கும்?"

"இதோ, வெளிப்பக்கம் பாத்த முளை இருக்கில்ல? அதுக்குக் கொஞ்சம் மேல. அதுவும் சாய்வா வெட்டிட்டா பொழைக்கவே பொழைக்காது."

"கத்தரி எங்க இருக்கு? சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

"அலமாரில. முள்ளு குத்தும், கிளவுஸும் பக்கத்துலயே இருக்கு."

மாஸ்டர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். முழங்காலை வைத்து அளந்தார். முளை பார்த்து, சாய்வு பார்த்து வெட்டினார். மொட்டையாக நின்ற குச்சிகளைப் பார்த்தபோது, அவருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் சோபா கண்ணெதிரே தெரிந்தது.

சில நாளில் குச்சியெல்லாம் சிவப்புத் தளிர். அப்புறம் தளிர் நுனியிலெல்லாம் மொட்டு.

"ஏய், நீ சாகிற ஜாதியே இல்லையா?" என்று செடியிடமே கேட்டார். பின்னால் மனைவி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, நர்சரிக்காரர் சொன்னதை எல்லாம் அப்படியே செஞ்சிட்டீங்களே! முள்ளுக்குப் பயந்து நானே தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்."

"அப்ப… நீ சாகும்னு சொன்னது?"

"வெட்டுங்கன்னு சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்களா?"

மாஸ்டர் சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே இதுக்கு நீங்க வேணாம். பக்கத்து வீட்டு அக்கா தண்ணி ஊத்திடுவாங்க. அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், பூரிச்சுப் போயிட்டாங்க. அங்க மாடி பூரா ரோஜாதானாம். மாப்பிள்ளை வந்துதான் வெட்டணும்னு ஒண்ணைக்கூட யாரையும் தொட விடலையாம்!"