பாண் பாட்டு கேக்காத காலமை

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. நாய்க்குட்டியைக் கேற்றுக்கு வெளியில கொண்டுபோய் மூத்திரம் பெய்ய வைக்கிறது.

அவ்வளவுதான். சமையல்கூட இல்லை, நேற்றையான் மீன்குழம்பு இருந்தது.

குட்டிக்குப் பேர் லட்டு. ஆண்டு ஒண்டு படிக்கிற என்ர மகள் அபி வச்ச பேர். எங்களிட்ட ஏற்கனவே கறுவல் எண்டு ஒரு பெரிய நாயும் இருக்கு. வயசாளி. வாசற்படியில குறுக்க படுக்கிறதுதான் அவருக்கு உத்தியோகம்.

நாங்கள் இருக்கிறது வாடகை வீடு. வீட்டுக்கார அன்ரி அதே ஒழுங்கை முனையில இருக்கிறா. போன மாசம்தான் வீடு முழுக்க நிலத்துக்கு வெள்ளை ரைல்ஸ் பதிச்சுத் தந்தவ. குட்டி வந்த கதையைக் கேள்விப்பட்டவுடன வந்து கேற்றில நிண்டே சொல்லிப்போட்டா.

"பெரியது வெளியில கிடக்கட்டும். சின்னது என்ர ரைல்ஸில ஒருக்காப் பெய்தாலும் அதை ஆருக்காவது குடுத்துப்போட வேணும். பேந்து என்னோட கோவிக்கக்கூடாது பிள்ளை."

"ஓம் அன்ரி, ஓம் அன்ரி."

வேற என்ன சொல்லுறது? பக்கத்தில நிண்ட அபியின்ர கண் நிறைஞ்சிட்டுது.

நான் திரியாயில வளர்ந்தவள். எங்கட ஊரில நாய் பழக்கிறதெண்டு ஒரு வேலையே இல்லை. நாய் எங்களோட வயலுக்கு வரும். எல்லாத்தையும் வயலிலயே முடிச்சுக்கொண்டு வீட்ட வரும். அங்க ரைல்ஸும் இல்லை, அன்ரியும் இல்லை.

ஆனபடியால் அக்கம்பக்கத்தில விசாரிச்சன். எல்லாரும் ஒண்டைத்தான் சொன்னவை: "பெரிய நாயோட விடுங்கோ, பார்த்துப் பழகும்."

விட்டன். பழகிச்சுது!

எங்கட ஒழுங்கைக்குக் கிண்ணியாவில இருந்து ஒரு முஸ்லிம் நானா பேக்கரிப் பாணும் பணிஸும் விக்கிற ஓட்டோ கொண்டு வாறவர். காலமை ஒருக்கா, பள்ளிக்கூடம் விடுற நேரம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஓட்டோவுக்கு மேல ஒரு பெட்டி. அதில ஒரே பாட்டுத்தான், டிங் டிங் டிங் எண்டு. கறுவலுக்கு அந்தப் பாட்டெண்டால் உயிர். தூரத்தில கேட்டவுடன எழும்பும். வானத்தைப் பார்த்து ஒரு ஊளை. பிறகு லைற் போஸ்ற்றடிக்குப் போய்க் காலைத் தூக்கி அலுவலை முடிச்சுப்போட்டு, நானா எறியிற பாண் துண்டுக்கு வாயைத் திறந்துகொண்டு நிக்கும்.

லட்டு அதை அப்பிடியே பார்த்து எடுத்திட்டுது. ஊளை, போஸ்ற், பாண் துண்டு. ஒழுங்கு மாறாது!

ரைல்ஸில ஒரு சொட்டு இல்லை. போன கிழமை என்ர இந்தப் பக்கத்திலயே பெருமையா எழுதினனான் எல்லோ? "அடியுமில்லை, பேச்சுமில்லை, குட்டி பழகீட்டுது" எண்டு? எத்தினை பேர் கேட்டனீங்கள், "எப்பிடி அக்கா?" எண்டு. நானும் என்னவோ பெரிய ஆள் மாதிரி, "பொறுமைதான் முக்கியம்" எண்டு பதில் போட்டனான்.

அந்தப் பதிலை இப்ப அழிச்சுப்போட்டன்.

ஏனெண்டால் இண்டைக்குக் காலமை பாண் பாட்டு கேக்கேல்லை.

அதுவும் எந்த நாளில? வீட்டுக்குள்ள வந்து ரைல்ஸ் பார்க்கிறன் எண்டு அன்ரி சொன்ன நாளில! அபி பள்ளிக்கூடம் போகேக்கயும் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவள்.

"அம்மா, நான் வரேக்க லட்டு நிக்கும்தானே?"

"நிக்குமடி. நீ போ."

லட்டு கேற்றடியில குந்திக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்துது. நானும் பார்த்தன். கறுவல் கொஞ்ச நேரம் பார்த்துப்போட்டு, பாட்டில்லாமலே போய்த் தன்ர அலுவலை முடிச்சுப்போட்டு வந்து படுத்திட்டுது. அது அனுபவசாலி.

லட்டுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போஸ்ற்றடியில விட்டன்.

"பெய்யடா."

என்னைப் பார்த்துது.

"பெய்யடா ராசா."

வாலை ஆட்டிச்சுது. வேறொண்டும் நடக்கேல்லை.

தண்ணி குடிச்சால் வரும் எண்டு ஒரு கோப்பை தண்ணி வச்சன். மடமடவெண்டு குடிச்சுது. வரேல்லை. இன்னொரு கோப்பை வச்சன். அதையும் குடிச்சுது. வயிறு தேசிக்காய் மாதிரி இருந்தது இப்ப தோடம்பழம் மாதிரி வந்திட்டுது. நான் ஆபத்தைக் குறைக்கேல்லை, நிரப்பிக்கொண்டு நிக்கிறன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது.

ஹாபரில வேலைக்குப் போன இவருக்கு ஃபோன் எடுத்தன்.

"என்னப்பா, இங்க கப்பல் இறக்கிக்கொண்டு நிக்கிறம்."

"லட்டு பெய்யுதில்லை!"

"நல்லம்தானே? பெய்யக்கூடாதெண்டுதானே நிண்டனீர்?"

"வெளியிலயும் பெய்யுதில்லையப்பா! பாண் பாட்டு இல்லாமல் அதுக்கு ஏலாதாம்!"

 "அப்ப நீரே பாடும்" எண்டுபோட்டு வச்சிட்டார்.

பாடினன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், போஸ்ற்றுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு டிங் டிங் டிங் எண்டு பாடினன். லட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துது. கறுவல் எழும்பி வீட்டுக்குப் பின்னால குசினிப் பக்கம் போயிட்டுது.

அந்த நேரம் பார்த்து அன்ரியின்ர அழைப்பு.

"பிள்ளை, குளிச்சுப்போட்டு இப்ப வாறன். நாய் ஒழுங்கா இருக்குதோ?"

"சரியான ஒழுங்கு அன்ரி!"

இனி நேரமில்லை. ஃபோனில தேடி அந்தப் பாட்டைப் பிடிச்சன். ஃபோனில சத்தம் நுளம்பு காதுக்க இரையிற மாதிரி. அபியின்ர பிறந்தநாளுக்கு வாங்கின ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மதிலில வச்சு, முழுச் சத்தத்தில போட்டன்.

உங்களுக்குச் சொல்லேலாது, என்ன சத்தம்! ஒழுங்கை முழுக்க டிங் டிங் டிங்!

லட்டு காதைத் தூக்கிச்சுது. வானத்தைப் பார்த்து ஊளையிட்டுது. போஸ்ற்றை நோக்கி நடந்துது. கால் மடங்குது, மடங்குது...

கிறீச்! பக்கத்து வீட்டுக் கேற் திறந்துது.

மலர் அக்கா தட்டோட நிக்கிறா. "எங்க நானா? எவ்வளவு நேரமாப் பார்த்துக்கொண்டிருக்கிறன்! பாணுக்குச் சம்பல் இடிச்சு வச்சுக் காய்ஞ்சுபோச்சு!"

லட்டு பயந்து எழும்பீட்டுது.

முன்வீட்டுக் கேற்றும் திறந்துது. பென்சன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர் ஐயா, சாறத்தோட, கையில உமல் பை. "ரெண்டு பாண் எடுங்கோ, கருகாததா."

அதுக்குப் பின்னால இன்னும் நாலைஞ்சு பேர். ஒருத்தர் பல்லு விளக்கின நுரை வாயோடயே வந்திட்டார்.

"ஓட்டோ எங்கயப்பா?"

"பாட்டு இங்கதானே கேக்குது?"

மலர் அக்கா மதிலைப் பார்த்தா. ஸ்பீக்கரைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"எடியே, நீ பாண் வியாபாரம் தொடங்கீட்டியோ?"

"இல்லையக்கா... குட்டிக்கு மூத்திரம் வரேல்லை."

 பாட்டு இன்னும் போகுது.

"குட்டிக்கு மூத்திரம் வாறதுக்கு எங்களை ஏன் பிள்ளை கூப்பிட்டனீர்?" எண்டு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி.

சனத்தைக் கண்ட லட்டுவுக்குத் தலைகால் தெரியேல்லை. ஒவ்வொருத்தரின்ர காலையும் மணந்துபோட்டு, திடீரெண்டு திரும்பி வீட்டுக்குள்ள ஓடத் தொடங்கிச்சுது. வெள்ளை ரைல்ஸ்! கதவு பப்பரப்பாவெண்டு திறந்து கிடக்கு!

"லட்டு! வேண்டாமடா! கறுவல், பிடி!"

கறுவல் குசினிப் பக்கத்தால வந்து வாசற்படியில குறுக்க படுத்துது. எனக்காக இல்லை, அது அவரின்ர இடம். லட்டு ஏறிக் கடக்கப் பார்க்க, ஒரே ஒரு உறுமல்.

லட்டு பிரேக் அடிச்சுத் திரும்பி ஒழுங்கைக்கே ஓடிச்சுது. நேர போய் ஒரு சோடி காலுக்கு முன்னால நிண்டு, குந்தி, பெய்தது.

நிமிர்ந்து பார்த்தன். அன்ரி. குளிச்சு, விபூதி பூசி, கையில ஒரு பிளாஸ்ரிக் கூடை.

"பாட்டு கேட்டுது, சீனி போட்ட கிம்புலா பணிஸ் இருக்கோ எண்டு பார்க்க வந்தனான்..." எண்டவ, குனிஞ்சு காலைப் பார்த்தா.

பாட்டு முடிஞ்சிட்டுது. லட்டு முடிக்கேல்லை. ரெண்டு கோப்பை தண்ணி எல்லோ!

 எனக்கு அபியின்ர முகம்தான் கண்ணுக்க வந்தது.

"அன்ரி..." எண்டன். "வெளியில."

"ஓம்," எண்டார் போஸ்ற்மாஸ்ரர் ஐயா, கோட்டில சாட்சி சொல்லுற ஆள் மாதிரி. "நான் பார்த்தனான். கேற்றுக்கு வெளியில."

அன்ரி செருப்பைக் கழற்றினா.  குழாயடியில காலைக் கழுவிப்போட்டு நேர வீட்டுக்குள்ள போனா. சாமியறை, குசினி, கட்டிலுக்குக் கீழ, கதிரைக்குப் பின்னால, எல்லாம் பார்த்தா. ரைல்ஸ் முழுக்க அவவின்ர ஈரக் காலடிதான். வேற ஒரு சொட்டுமில்லை.

"சரி," எண்டா கடைசியில. "நிக்கட்டும். ஆனால் இனி நான் வரேக்க அதைக் கட்டி வை."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மலர் அக்கா மட்டும் இன்னும் தட்டோட நிண்டா. "அப்ப பாண்?"

அப்பதான் நானாவின்ர ஓட்டோ சத்தமில்லாமல் வந்து நிண்டுது.

"ராத்திரி மழைக்குப் பாட்டுப் பெட்டி செத்துப்போச்சு தங்கச்சி. விடியவும் ஒருக்கா வந்தனான், ஒரு குஞ்சும் எட்டிப் பாக்கல்ல. இப்ப பார்த்தா என்ர பாட்டு கேக்குது! ஆர்ரா எனக்குப் போட்டியா வந்தவன் எண்டுதான் ஓடி வாறன்."

பாண் எல்லாம் வித்துத் தீர்ந்துது. கதையைக் கேட்டு நானா ஓட்டோவைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். "கவலைப்படாதங்க, பின்னேரமே புதுப்பெட்டி பூட்டுறன்" எண்டார்.

சொன்னபடி பூட்டீட்டார். பின்னேரம் ஒழுங்கை முனையிலயே பெட்டிச் சத்தம் கேட்டுது. அபி லட்டுவைத் தூக்கிக்கொண்டு போஸ்ற்றடிக்கு ஓடினவள்.

"எப்பிடித் தங்கச்சி?" எண்டார் நானா, முகமெல்லாம் சிரிப்பா. "பழசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு எண்டு, புதுப் பாட்டாப் போட்டுட்டன்!"

லட்டு தலையைச் சரிச்சு, காதைத் தூக்கி, பாட்டு முடியுமட்டும் ரசிச்சுக் கேட்டுது.

கேட்டதோட சரி.