பன்னிரண்டு மணி வரைக்கும்

மிஸோகுச்சி நாலே வாயில் நூடுல்ஸ் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தபோது குவபாரா கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் துறைமுக மண்டபத்தில் பெயர் வாசிப்பார்கள். நேற்று நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடித்த நாற்பது வயதுக்காரர்களில் உலகப் போட்டிக்குப் போக ஒரே ஒரு இடம். முதலாவது மிஸோகுச்சி. இரண்டாவது, குவபாராவிடம் பயிற்சி எடுக்கும் ஹிரோட்டா. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஏழு பேரோடு தொடங்கிய பயிற்சியில் மிஞ்சியது தபால் ஆபீஸ் ஹிரோட்டா ஒருவன்தான். நாலு வருடமாக அவனை நகராட்சி நீச்சல் குளத்தில் முக்கியெடுத்து, மலைச் சாலையில் விரட்டி, கிழவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. "இந்த வருஷமாவது ஒருத்தரை உலகப் போட்டிக்குத் தேத்துங்க. இல்லேன்னா குளத்துல உங்களுக்கு நேரம் கிடையாது" என்று நகராட்சியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். குளம் போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை.

மிஸோகுச்சி ஏற்கெனவே இரண்டு தடவை போய்வந்தவர். மூன்றாவது தடவை போகாவிட்டால் குடியா முழுகிவிடும்?

"இன்னொரு கிண்ணம் சொல்லட்டுமா சார்?"

"ஐயோ, வயிறு முட்டிப் போச்சு. கிளம்பலாமா?"

"அதுக்குள்ளயா! பக்கத்துலயே குளியல் கூடம். வெந்நீர்ல உக்காந்தா கால்வலி பறந்துடும்."

"அட, வாங்களேன்!" என்றார் மிஸோகுச்சி உடனே. இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று குவபாராவுக்கு அசிங்கமாக இருந்தது.

தொட்டியில் இறங்கிப் பத்தே நிமிடத்தில் மிஸோகுச்சி எழுந்தார்.

"உக்காருங்க சார்! யாரு ரொம்ப நேரம் தாங்குறாங்கன்னு ஒரு கை பார்ப்போம்."

"பார்த்துடுவோம்!"

விதி யாரை விட்டது? பதினோரு மணி நேரம் ஓடியாடி முதலில் வந்த ஆளோடு பந்தயம் கட்டினால் என்ன ஆகும்? மிஸோகுச்சி கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். குவபாராவுக்குக் காது அடைத்தது. கூரை சுற்றியது. அப்புறம் எதுவும் தெரியவில்லை.

கண் விழித்தபோது வெளியறையில் கிடந்தார். மிஸோகுச்சி விசிறிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

"நீங்க மண்டபத்துக்குப் போகலையா?"

"உங்களை இப்படிப் போட்டுட்டு எப்படிப் போறது?"

குவபாராவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் மனசு துள்ளியது. அப்படியென்றால் ஹிரோட்டாவைக் கூப்பிட்டிருப்பார்கள்! குளம் பிழைத்தது!

அப்போதுதான் யாரோ தன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹிரோட்டா.

"ஏன்டா, நீ இங்க என்னடா பண்ற?"

"மிஸோகுச்சி சார் போன் பண்ணாரு மாஸ்டர். நீங்க பிழைக்கறதே சந்தேகம்னாரு. ஓடி வந்தேன். என் ஜென்மத்துல அவ்வளவு வேகமா ஓடினதில்ல!"

"உன் பேரு...?"

"கூப்பிட்டிருப்பாங்க மாஸ்டர். பேரா பெரிசு?"

குவபாரா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார். எல்லாம் போச்சு. மிஸோகுச்சி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கல்லாவில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மிஸோகுச்சி சார், மண்டபத்துலேருந்து உங்க தம்பி போன் பண்ணாரு. மூணாவதா வந்த அவருக்கே இடம் கிடைச்சிடுச்சாம். இனிமே இவங்க ரெண்டு பேரையும் இங்க பிடிச்சு வைக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."