வாசலில் நின்ற முப்பது

வாசல் கதவைத் திறந்த சுகவனம் அதே வேகத்தில் சாத்தினான். பிறகு ஒரு விரற்கடை மட்டும் திறந்து எட்டிப் பார்த்தான். அது போகவில்லை. அங்கேதான் நின்றது.

இரண்டு எண்ணெய் டிரம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, உச்சியில் ஒரு இரும்புச் சட்டியைத் துளை போட்டுக் கவிழ்த்திருந்தார்கள். ஆளைவிட உயரமான மிளகு டப்பா. அதன் வயிற்றில் 'சுகா' என்று நீல எழுத்து. அதற்குக் கீழே, முழங்கை நீளத்துக்கு, ரத்தச் சிவப்பில் '30'.

டென்மார்க்கின் சில்கெபோர்க்கில் இதற்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். முப்பது முடிந்தும் கல்யாணம் ஆகாதவர் வாசலில், பிறந்தநாள் காலையில் நண்பர்கள் இதை நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்புறம் வந்து ஆளை இதோடு சேர்த்துக் கட்டி, கிலோக் கணக்கில் மிளகுத்தூளை அபிஷேகம் செய்வார்கள். இருபத்தைந்தில் பட்டைத்தூள் கொட்டினார்கள். நாலு நாள் சுகவனத்தின் தலையில் பிரியாணி வாசம் அடித்தது.

மிளகுகூடப் பரவாயில்லை. அந்த முப்பதுதான் ஆபத்து. பதினோரு மணிக்குப் பக்கத்து ஊரான விபோர்க்கிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஜாதகத்தில் மாப்பிள்ளைக்கு வயது இருபத்தேழு.

இந்த இருபத்தேழு சேலத்தில் உற்பத்தியானது. அவன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, மாட்டிக்கிட்டோம். என் வயசை வாசல்ல எழுதி வெச்சுட்டாங்க."

"யாருடா எழுதினது? அந்த ஊர்ல நமக்கு ஆகாதவங்க யாரு?"

"ஆகாதவங்க இல்லம்மா, ஃபிரெண்ட்ஸ்."

"அதானே பார்த்தேன். அழிச்சுடு."

"நான் அப்பவே சொன்னேன், உள்ளதைச் சொல்லிடலாம்னு."

"உள்ளதைச் சொல்லித்தான் ஒன்பது இடம் தட்டிப் போச்சு. இதோ பாரு கண்ணு, நீ அங்க ஆறு வருஷமா இருக்கே. அதுல பாதி நாள் வெயிலே கிடையாதுன்னு நீதானே சொன்னே? வெயில் இல்லாத நாளெல்லாம் ஒரு நாளா? அந்த மூணு வருஷத்தைத்தான் கழிச்சேன்."

இந்தக் கணக்கை எந்த வாத்தியாராலும் மறுக்க முடியாது. அவன் போனை வைத்தான்.

உண்மையில் அவனுக்கு இந்த இடம் தட்டிப் போய்விடக் கூடாது. மற்ற ஒன்பது பெண்களும் போட்டோவோடு சரி. தாரிணியோடு ஒன்றரை மாதமாகத் தினமும் பேசுகிறான். அவனுடைய அறுவை ஜோக்குக்குக்கூட அவள் சிரிக்கிறாள். இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். "வயசைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தபோதெல்லாம் அவள், "வயசெல்லாம் ஒரு விஷயமாங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். எவ்வளவு பெருந்தன்மை என்று அவனுக்குக் கண் கலங்கியது.

அவள் அப்பாவிடம் அந்தப் பெருந்தன்மையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பல் டாக்டர் மாசிலாமணி முதல் போனிலேயே சொல்லிவிட்டார். "தம்பி, முப்பத்திரண்டு வருஷமா இந்த நாட்டுல இருக்கோம். இவங்ககிட்ட நாங்க கத்துக்கிட்டது நேர்மை. பொண்ணுக்கு இருபத்தாறு. மாப்பிள்ளை ஒரு வயசாவது மூத்தவரா இருக்கணும், மூணுக்கு மேல போகக் கூடாது. ஒளிவு மறைவு நமக்கு ஆகாது."

அதற்காகவே சுகவனம் தன் மஞ்சள் நிற மருத்துவ அட்டையை மூன்று நாள் முன்பே அரிசி டப்பாவுக்குள் புதைத்திருந்தான். அட்டையின் முதல் ஆறு எண்ணும் பிறந்த தேதி. இப்போது பிறந்த வருஷத்தை அரிசியில் புதைத்துவிட்டு வயதை வாசலில் நிறுத்தியிருக்கிறான்.

டப்பாவைத் தோள் கொடுத்துத் தள்ளினான். அது அசையவில்லை. இடுப்பில்தான் ஏதோ 'மளுக்'கென்றது.

"நகராது தம்பி," என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டு ப்ரெபென், கையில் காபியோடு வேலி ஓரம் நின்றார். வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் மிளகு டப்பா சப்ளை செய்வது அவர்தான். "காத்துக்குச் சாயாம இருக்க உள்ள மண்ணு ரொப்பியிருக்கேன். பிறந்தநாள் வாழ்த்துகள்!"

"ப்ரெபென், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒரு நாள் இதை எடுத்துடுங்களேன்."

"அன்னிக்கே எடுத்தா அப்புறம் எதுக்கு வெக்கிறது? ஏன், பிடிக்கலையா?" அவர் முகம் வாடிப் போனது.

"ஐயோ, ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த நம்பர் மட்டும்..."

ப்ரெபென் முகத்தில் உடனே வெளிச்சம் வந்தது. "நம்பரைக் கவனிச்சியா? கார் பெயின்ட்! வருஷா வருஷம் முப்பது, முப்பதுன்னு எழுதி அலுத்துப் போச்சு. போன வருஷம் அனல் காட்டி நிரந்தரமா எழுதிட்டேன். யாரா இருந்தாலும் முப்பது முப்பதுதானே? பேரை மட்டும் மாத்துவேன். ஆணி வெச்சுச் சுரண்டினாலும் நம்பர் போகாது."

அவர் உள்ளே போனதும் சுகவனம் தின்னரும் பழைய பனியனுமாக வந்து தேய்த்தான். 'சுகா' இரண்டே இழுப்பில் கரைந்து போனது. அதற்கு அடியில் வேறு யாருடைய பெயரோ பழைய கறையாகத் தெரிந்தது. முப்பது போகவில்லை. அழுக்கெல்லாம் நீங்கி முன்னைவிடப் பளபளத்தது. தெரு முனையிலிருந்தே படிக்கலாம் போல இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். உள்ளே ஓடி, பெரிய வெள்ளைப் போர்வையை எடுத்து வந்தான். ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவைத் தலையோடு போர்த்தி, துணி காயப்போடும் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான். தோட்டத்துச் சாமான், மழைக்கு மூடி வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

ப்ரெபென் மறுபடி வெளியே வந்தார். போர்வையைப் பார்த்தார். கண் விரிந்தது.

"திறப்பு விழாவா! அடடா! இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் இது தோணலையே! எத்தனை மணிக்கு?"

"அது... மூணு மணிக்கு," என்றான் சுகவனம். மூன்று மணிக்குள் பெண் வீட்டார் போய்விடுவார்கள்.

"மூணு மணி சரி வராது. திறப்பு விழான்னா எல்லாருக்கும் ரொட்டி வேணும். சனிக்கிழமை பேக்கரி பன்னிரண்டுக்கு மூடிடுவான். பதினொண்ணுன்னு வெச்சுக்கலாம். உன் ஆபீஸ் ஃபிரெண்ட் யெஸ்பர் பசங்களோட மூணுக்கு வர்றதா இருந்தான், போன் போட்டு முன்னாடியே வரச் சொல்லிடறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே!"

"ப்ரெபென், வேண்டாம்! ப்ரெபென்!"

ப்ரெபென் சைக்கிளை எடுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி தெருத் திரும்பிவிட்டார். போகிற வழியில் நாலு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போனார்.

பத்தே முக்காலுக்கு வாசலில் இருபது பேர். சின்னச் சின்னக் கொடிகள். ஒருவர் அக்கார்டியன் வாத்தியத்தோடு வந்திருந்தார். அலுவலக நண்பன் யெஸ்பர், மூன்று சகாக்களோடும் ஒரு வாளி மிளகுத்தூளோடும் வந்து இறங்கினான்.

சுகவனம் அவனைத் தனியே இழுத்தான். "டேய், இப்ப வேண்டாம்டா. பதினோரு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க."

"சூப்பர்! உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு அவங்க கண்ணாலயே பார்த்துக்கட்டும். இதைவிட என்னடா சர்டிபிகேட் வேணும்?"

"விஷயம் அது இல்ல. என் வயசு இருபத்தேழுன்னு சொல்லியிருக்கோம்."

யெஸ்பர் விரல் விட்டு எண்ணினான். "கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மூணு வருஷத்தைத் திருப்பிச் சேர்த்துடுவீங்களா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரி, புரிய வேண்டாம். மிளகு ஒத்துக்குமா உனக்கு? ஒவ்வாமை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. இந்தா, கண்ணாடி போட்டுக்க. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்கு நீ எங்க மேல வருத்தப்படக் கூடாது பாரு."

எங்கேயாவது ஒரு மனிதனைக் கட்டிப்போட அவனிடமே கையெழுத்து வாங்குவார்களா? இங்கே வாங்குவார்கள். சுகவனம் ஓடப் பார்த்தான். நாலு பேரும் அலாக்காகத் தூக்கினார்கள். நீச்சல் கண்ணாடியை மாட்டிவிட்டு, டப்பாவோடு சேர்த்து நிறுத்தி, போர்வைக்கு மேலேயே கயிற்றைச் சுற்றினார்கள். பட்டு வேட்டிக்காரனைக் கட்டுவது இதுதான் முதல் தடவை என்று யெஸ்பர் பெருமையோடு போட்டோ எடுத்துக்கொண்டான். அக்கார்டியன் முழங்கியது. முதல் குவளை தலையில் இறங்கியது.

"அச்சூ!" என்றான் சுகவனம். கூட்டம் கை தட்டியது.

பதினோராவது தும்மலில் மணி சரியாகப் பதினொன்று. மாசிலாமணியின் கார் வந்து நின்றது. வேறு எதில் பிசகினாலும் அவர் நேரத்தில் பிசக மாட்டார்.

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். கோட்டு சூட்டில் மாசிலாமணி, பழத்தட்டோடு மனைவி வேதவல்லி, மயில் கழுத்து நிறப் புடவையில் தாரிணி. எதிரே, நீச்சல் கண்ணாடியும் பட்டு வேட்டியுமாக, கழுத்து வரை மிளகோடு, ஒரு வெள்ளைப் பொதியில் கட்டுண்டு நின்றான் மாப்பிள்ளை.

"வாங்க... அச்சூ... வாங்க," என்றான்.

போர்வையை உருவ இதுதான் நேரம் என்று யெஸ்பருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விருந்தாளிகளைக் கண்ட உற்சாகத்தில் அவனே கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து இழுத்துவிட்டான். போர்வை வழுக்கிக்கொண்டு வந்தது. சுகவனத்தின் இடுப்புக்குப் பக்கத்தில், பளபளவென்று, முப்பது.

வேதவல்லி டப்பாவைப் பார்த்தார். "ஏங்க, வாங்க, போயிடலாம்," என்று கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். தாரிணி உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தையே வெறித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் சுகவனம்.

மாசிலாமணி டப்பாவையெல்லாம் பார்க்கவில்லை. நம்பரை மட்டும்தான் பார்த்தார்.

"முப்பதா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? தும்மலை அடக்கிக்கொண்டு சுகவனம் சொன்னான். "ஆமாங்க. இன்னியோட முப்பது முடியுது. பொய் சொன்னது எங்க தப்புதான். உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, கை நழுவிடுமோன்னு பயம். மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறதா? வயசுல பொய் சொல்றவன் நாளைக்கு எதுல சொல்ல மாட்டான்?"

"அப்பா, போதும்ப்பா..." என்றாள் தாரிணி. அவள் கண்ணில் நீர் நின்றது. மிளகாகவும் இருக்கலாம்.

"நீ சும்மா இரு! முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ல தலை நிமிர்ந்து வாழ்ந்திருக்கோம். ஒரு பொய் உண்டா? ஒரு மறைவு உண்டா? எங்க குடும்பத்தைப் பத்தி இந்த ஜில்லாவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

"ஏங்க, கத்தாதீங்க, வாங்கன்னா!" வேதவல்லி கோட்டைக் கிழித்துவிடுவார் போல இழுத்தார்.

மாசிலாமணி நகர்வதாக இல்லை. அக்கார்டியன்காரரைப் பார்த்து டேனிஷில் அதையே மறுபடி முழங்கினார். "நேர்மைன்னா என்னன்னு இந்தப் பையனுக்குச் சொல்லுங்க சார்!"

அப்போதுதான் ரொட்டிப் பையோடு ப்ரெபென் சைக்கிளிலிருந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், மாசிலாமணியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடடே, விபோர்க் டாக்டர் சாரா! நம்பரை நல்லாப் பார்த்தீங்களா சார், போன வருஷம் உங்க தாரிணிக்குன்னு எழுதின அதே முப்பது, ஒரு கீறல்கூட விழலை!"