பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான்

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவியைத் தொலைத்த ஆசிரியை தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் வேலையில் சேர்வதற்கு முன்பே தொலைத்தேன்.

மச்சான் (என் வீட்டுக்காரர்தான், எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம்) குவைத்தில் முதுகில் அடிபட்டுக் கடலூருக்கே திரும்பிவந்துவிட்ட நேரம். இனி குடும்பம் ஓட வேண்டுமென்றால் என் கெமிஸ்ட்ரி பட்டம்தான் கதி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டெமோ கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்பு, அணு அமைப்பு.

பேசாமல் போர்டில் வரைந்துவிட்டு வந்திருக்கலாம். விதி யாரை விட்டது! மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நாலு வட்டம் போட்டு, பிள்ளைகளை எலக்ட்ரான்களாக நிறுத்தினேன். உள்ளே ரெண்டு, அடுத்து எட்டு, அதற்கடுத்து எட்டு, கடைசியில் ஒன்று. பொட்டாசியம். (சோடியத்துக்கு மூணு வட்டம் போதும். எல்லாரும் சோடியம்தான் நடத்துவார்கள், நாம் ஒருபடி மேலே போவோமே என்ற திமிர்.) நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கரஸ்பாண்டென்ட் ஐயாவையே அணுக்கருவாக்கிவிட்டேன். நாலாவது வட்டம் கேட்டைத் தாண்டி ரோட்டோரம் வரை போனது. அங்கே தனியாக நின்றவள் ஷர்மி.

"வட்டம் பெருசாகப் பெருசா நடுவுல இருக்குறவரோட புடி தளந்துடும்," என்று முழங்கினேன். "அதனாலதான் லித்தியத்தவிட சோடியம், சோடியத்தவிட பொட்டாசியம் வேகமா வினைபுரியுது. கடைசி எலக்ட்ரான் எங்க போவும்? வெளி வட்டத்துல ஏழ வச்சிக்கிட்டு எட்டாவதுக்கு ஏங்குதே குளோரின், அதுங்கிட்ட போவும். ஷர்மி, கெளம்பு!"

வகுப்பில் இருந்ததே பத்தொன்பது பேர். குளோரினுக்கு ஆள் இல்லை. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கரஸ்பாண்டென்ட் ஐயா திருப்தியாகத் தலையாட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். ஷர்மியைக் காணோம்.

முக்காடு சரிய ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் பஸ் பறக்கிறது. பெட்டிக்கடை, ஜெராக்ஸ் கடை என்று ஒவ்வொன்றாய் ஏறி, "யூனிஃபார்ம் போட்ட பொண்ணு ஒண்ணப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். எவரும் பார்க்கவில்லை. பின்னால் அணுக்கரு செருப்பில்லாமல் ஓடிவந்தது.

கடைசியில் எதிர்ப்பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நுழைந்தோம். பந்தியில், இலைக்கு முன்னால், கையில் வடையோடு ஷர்மி.

"மிஸ், இந்த வரிசையில ஏழு பேருதான் இருந்தாங்க," என்றாள். "ஒரு எடம் காலியா இருந்துச்சு."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கரஸ்பாண்டென்ட் ஐயா மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "பாடம் நல்லாத்தான் புரிஞ்சிருக்கு. ஆனா புள்ளைய யாரும்மா பாக்குறது? நீங்க போயிட்டு வாங்க." அதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ரோட்டில் ஓடும்போது கேட்ட துஆவையும் சொன்னேன்: "யா அல்லாஹ், இந்த வேலை போனாப் போவுது, அந்தப் புள்ளைய மட்டும் காட்டிடு."

மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டத அப்படியே குடுத்துட்டான் பாரு! ஏன், ரெண்டையும் சேத்துக் கேட்டா ஆவாதா?"

அப்புறம் கடலூரிலேயே வேறு வேலை கிடைத்து, வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் தொழுதுவிட்டு நான் கையேந்தினால் போதும், உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: "முழுசாக் கேளும்மா!"