டீக்கடைக் கதவில் ஈனெஸ் படித்த பாடம்

குருசுக்குப்பம்,
திங்கள் காலை.

பாரிஸிலிருந்தபடியே எங்களை ஆளும் ஜிசேல் அத்தைக்கு, மருமகன் ரஃபாயேல் மண்டியிட்டு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே ஃபிரிட்ஜைத் தவிர எல்லோரும் சுகம். மாமாவுக்கு முட்டிவலி தேவலையா?

"தமிழ்ப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லையாமே, எம் பொண்ணுக்கு என்னதான்டா சொல்லித் தர்ற?" என்று போனில் கத்தினீர்களே, அதற்கு விளக்கம் இது. அந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் மாடு புல் மேய்கிறது. நாற்பதாம் பக்கத்திலும் அதே மாடு, அதே புல். அதனால் லீவுக்கு வந்திருக்கும் உங்கள் ஈனெஸைத் தெருவில் இருப்பதைப் படிக்க வைத்தேன்: பஸ் போர்டு, மாத்திரை அட்டை, பிறந்தநாள் பேனர். பேனரில் இருந்த முப்பது தலைகளையும் எண்ணிவிட்டு, "இதுல யாருக்குப் பிறந்தநாள்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் என் கெட்ட புத்தி. அவளைத் திணறடிக்க, கமலக்கண்ணன் அண்ணன் டீக்கடையின் மரக்கதவில் நகராட்சி ஆபீஸ்காரர்கள் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "யார், எங்கே, எப்போது? பதிலோட வா" என்று விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டேன். பத்து நாளாகத் தெருவே அதன்மேல் சாய்ந்து டீ குடித்திருக்கிறது, ஒருவரும் படித்ததில்லை. இவள் விரல் வைத்து எழுத்தெழுத்தாக மூன்று நாள் படித்தாள், அத்தை! மூன்றாம் நாள் மத்தியானம் மைதானத்துக்கே ஓடி வந்து, "யார்? கமலக்கண்ணன். எங்கே? இந்தக் கடை. எப்போது? இன்னைக்கு அஞ்சு மணி. அதுக்குள்ள பதில் எழுதித் தரலைன்னா கடையை எடுத்துடுவாங்க" என்றாள். பேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அதுவா? மூலை பிரிஞ்சு ஆடிக்கினு இருந்துச்சுப்பா, நான்தான் பசை போட்டு ஒட்டினேன்" என்கிறார் அண்ணன்!

"படிக்கலியாண்ணா?"

"ஆபீஸ் காயிதம்டா, நமக்கு இன்னாத்துக்கு?"

"அதுல உங்க பேர்தான் இருக்கு," என்றாள் ஈனெஸ். அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

நாலே முக்காலுக்கு நகராட்சி ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கியவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "அந்த நோட்டீஸை நீயா படிச்சே? முழுசாவா?" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தமிழ் தெரிந்தவன் நான், படித்தவள் அவள். கடை தப்பியது. இனி அந்த மாட்டின் பேச்சை எடுக்காதீர்கள்.

மாமாவுக்கு வணக்கம், உங்களுக்குப் பிரெஞ்சு முறைப்படி கன்னத்துக்கு ஒரு முத்தம்.

ரஃபாயேல்

பி.கு.: மனுவுக்குத் தந்த சீட்டை அண்ணன் பெருமையாக அதே கதவில் அழுத்தி ஒட்டி வைத்திருந்தார். தெருவே பார்த்துப் பாராட்டியது. இப்போதுதான் ஈனெஸ் அதைப் படித்தாள். திங்கள், அதாவது இன்றைக்கு, பத்து மணிக்கு இந்தச் சீட்டோடு நேரில் வராவிட்டால் மனு தள்ளுபடியாம். மணி ஒன்பது ஐம்பது. அழுத்தி ஒட்டிய சீட்டு கிழியாமல் வராது. அண்ணன் கதவையே கழற்றிவிட்டார். ஆபீஸ் வரைக்கும் ஒரு பக்கம் நான் பிடிக்கணும், போறேன்.