வில்லனுக்குப் புத்தி சொன்னவன்

மதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு, குழாய், வால்வு மொத்த வியாபாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் நீங்கள் பாதியில் நிறுத்திய துப்பறியும் தொடர்கதையைக் கெடுத்தது அதை எழுதியவர் இல்லை. நான்தான். எழுதியவர் என் தங்கையின் கணவர். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார், சாயங்காலத்தில் கதை எழுதுகிறார். என் தொழிலில் ஒழுகுகிற இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கையைக் கதைக்குள் விட்டதுதான் வினை.

ஒரு நாள் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை ஆசையாக அடுத்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். ஊருக்குத் தண்ணீர் போகிற பெரிய குழாயை அடைத்துவிட்டுப் பணம் கேட்கத் திட்டம் போட்டிருக்கிற வில்லன், அதான் உங்கள் வாசகர்கள் அறிந்த சாம்பல் கோட்டுக்காரன், துரத்தி வந்த துப்பறிவாளனைப் பிடித்து நாற்காலியில் கட்டிப் போடுகிறான். கட்டிப் போட்டவன் போய் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? எந்தக் குழாய், எப்போது, சாவி யாரிடம் என்று ஒன்று விடாமல் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறான். "என்ன மாப்பிள்ளை, கொள்முதல் விலையை வாடிக்கைக்காரன்கிட்ட ஒப்பிச்சுட்டு கடையையும் திறந்து போட்டுட்டுப் போறான்?" என்றேன். "இல்ல மச்சான், அவன் பெரிய புத்திசாலி. அந்தப் பெருமைல சொல்றான்" என்றார். "புத்திசாலி வாயைத் தொறப்பானா? நான் இத்தனை வருஷம் வியாபாரம் பண்றேன், என் சம்சாரத்துக்கே என் கொள்முதல் விலை தெரியாது" என்றேன். மாப்பிள்ளை பென்சிலை எடுத்து, நாற்காலியில் கட்டிப் போட்டதிலிருந்து அந்தப் பக்கம் முழுவதையும் அடித்தார். அன்றைக்கே என் நாக்கைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வில்லன் வாயைத் திறக்கவில்லை. அதனால் துப்பறிவாளனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி, வில்லனுடைய அடியாள் ஒருவன் மனசு மாறித் தகவல் சொல்வதாக வைத்துக்கொள்வோம் என்றார் மாப்பிள்ளை. ஏன் மனசு மாறுகிறான் என்று கேட்டேன். வில்லன் அவனை எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டானாம். "மாப்பிள்ளை, ஆள் வச்சு வேலை வாங்குறவன் செய்ற காரியமா இது? என் கடைல மூட்டை தூக்குறவரை நான் ஒரு வார்த்தை அதிகமா சொன்னா மறுநாள் எதிர்க்கடைல நிப்பாரு. சம்பளத்தை முதல் தேதி குடுக்கச் சொல்லுங்க, வீட்டு விசேஷத்துக்கு லீவு குடுக்கச் சொல்லுங்க, எவனும் வாய் தொறக்க மாட்டான்" என்றேன். அவரும் எழுதினார். அதற்குப் பிறகு வந்த வாசகர் கடிதங்களை நீங்களே வெளியிட்டீர்கள்: சாம்பல் கோட்டுக்காரரிடம் வேலை காலி இருக்கிறதா, விண்ணப்பிக்க என்ன படித்திருக்க வேண்டும் என்று. நான் அதைக் கத்தரித்துக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அத்தோடாவது விட்டேனா என்றால், இல்லை. வில்லனுக்கு மட்டும் புத்தி சொன்னால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று துப்பறிவாளன் பக்கமும் போனேன். அந்த ஆள் சிகரெட் சாம்பலை மோந்து பார்த்து அதைக் குடித்தவன் இடது கைக்காரன், மனைவியோடு சண்டை, முழங்கால் வலி என்று சொல்லுவான். ஆனால் வில்லன் இருக்கிற வெளிச்சமே இல்லாத கிடங்குக்குள்ளே ஒண்டி ஆளாகக் கைவீசிக்கொண்டு நுழைவான். "சாம்பல்ல முழங்கால் வலி தெரியுது, உள்ள பத்துப் பேர் நிக்கிறது தெரியலையா? அறிவாளின்னா வெளியவே நிக்க மாட்டானா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை மறுபடி பென்சிலை எடுத்தார். பிறகு துப்பறிவாளனை வெளியே நிறுத்திவிட்டார். உள்ளே வில்லன் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறான், வெளியே இவன் அவசரப்படாமல் நிற்கிறான், வாரா வாரம் டீ குடிக்கிறான். உங்கள் ஓவியர் அதே கிடங்குக் கதவைத் திரும்பத் திரும்ப வரைந்து சலித்து, கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பூனையைச் சேர்த்தார். கதையில் புதிதாக நடந்தது அந்தப் பூனை மட்டும்தான்.

பிறகு வந்ததுதான் நீங்கள் கதையை நிறுத்தக் காரணமான அத்தியாயம். இரண்டு புத்திசாலிகள் இப்படி எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்று மாப்பிள்ளை என்னிடமே கேட்டார். தலையெல்லாம் கலைந்து, கண் சிவந்து போயிருந்தார் மனுஷன். நான் யோசிக்கவே இல்லை. "உக்காந்து பேசித் தீத்துக்குவாங்க, வேற என்ன?" என்றேன். அப்படியே எழுதிவிட்டார். துப்பறிவாளனும் வில்லனும் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், கை குலுக்கினார்கள். ஊருக்குத் தண்ணீர் தடையில்லாமல் வந்தது. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். உங்கள் கடிதம் மாப்பிள்ளைக்கு வந்தது.

ஐயா, நான் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கொஞ்ச நாளாகக் கல்லாவில் உட்கார்ந்து இதையேதான் யோசிக்கிறேன். கதைக்குள்ளே வில்லனுக்கு அறிவை அள்ளிக் கொடுக்கிறார்கள், ஆனால் ஒரு இடத்தில் ஓட்டை விட்டுக் கொடுக்கிறார்கள். அந்த ஓட்டை சரியாகக் கதாநாயகன் உடம்பு நுழைகிற அளவு. நாம் அதைப் பார்த்துவிட்டு, ஆஹா கதாநாயகனுக்கு என்ன மூளை என்கிறோம். அது அவன் மூளையே இல்லை, எதிராளியின் மறதி. நான் அந்த ஓட்டையை அடைத்தேன், கதை மூச்சு முட்டிப் போச்சு. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டி யோசிக்கிறவன், கணக்குப் பார்க்கிறவன், காத்திருக்கத் தெரிந்தவன் எல்லாம் கதையில் கெட்டவனாகத்தான் வருகிறான். நல்லவனுக்கு எதுவுமே திட்டம் போட வேண்டியதில்லை, கடைசி நிமிஷத்தில் தானாகத் தோன்றிவிடும். எனக்கு வாழ்க்கையில் எதுவும் தானாகத் தோன்றியதில்லை. தெருவில் பழைய குழாய் பொறுக்கி விற்றதிலிருந்து எல்லாமே யோசித்துச் செய்ததுதான். அதனால் சாம்பல் கோட்டுக்காரன் தோற்கப் போகிறான் என்று தெரிந்ததும் என் ஆளையே யாரோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. பொறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவனை ஜெயிக்க வைக்கப் பார்த்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு என் தங்கை கடைக்கே வந்தாள். வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்களே என்று பார்க்கவில்லை. "அண்ணே, உனக்குக் கடை இருக்கு, கிடங்கு இருக்கு, உன் பேச்சைக் கேக்க ஆள் இருக்கு. அவருக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுலயும் வந்து நீயே உக்காந்துட்டியே" என்றாள். போய்விட்டாள். அதன் பிறகு பேச்சு இல்லை. ஃபோன் செய்தால் அவள் எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து, "வேலையா இருக்கா மச்சான்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுகிறார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனசு வைத்து அந்தத் தொடரை மறுபடி போட வேண்டும். சாம்பல் கோட்டுக்காரனை எப்படி வேண்டுமானாலும் முட்டாளாக்கிக்கொள்ளுங்கள். கைக்குட்டையை விட்டுவிட்டுப் போகட்டும், திட்டத்தை ஒலிபெருக்கியில் சொல்லட்டும், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். பத்திரிகைக்குச் சிரமம் ஆகாமல் இருக்க ஆறு மாதம் பின் அட்டை விளம்பரம் என் கடையுடையது. மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதம் தெரிய வேண்டாம். அவராக எழுதி அவராக ஜெயித்ததாக இருக்கட்டும்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் எல்லா நலமும் பெருக வேண்டும், தங்கள் வீட்டுக் குழாய் எதுவும் ஒழுகாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
குழாய்க் கடைக்காரன்

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். இன்று மத்தியானம் தங்கை ஃபோன் செய்து, "அண்ணே, சாப்பாடு போட்டு வச்சிருக்கேன், வர்றியா?" என்றாள். ஒரு பெரிய ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஆளை அப்படியே உட்கார வைத்துவிட்டு ஓடினேன். எதற்குக் கூப்பிட்டாள், என்ன விஷயம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் கதவு தாழ் போட்டிருக்கிறது, எதிரே மாப்பிள்ளை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். "ஏன் மச்சான், எங்க போனாலும் வெளிய வர்ற வழிய முதல்ல பாத்து வைக்கிறவராச்சே, இங்க பாத்தீங்களா?" என்றார். "தங்கச்சி கூப்பிட்டா எவனாவது அதெல்லாம் பாப்பானா?" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். "அதேதான். உங்க சாம்பல் கோட்டுக்காரனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கா" என்றார். என் உடம்பு சிலிர்த்துவிட்டது ஐயா. மனுஷன் நாள் கணக்காகத் திட்டம் போட்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல், ஒரே ஃபோனில் என்னைப் பிடித்துவிட்டார். அத்தியாயம் நாளை அவரே கொண்டுவருவார். வில்லன் புத்தியில் ஒரு சிட்டிகையும் குறைக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். பின் அட்டை விளம்பரம் பற்றிச் சொன்னதையும் மறந்துவிடுங்கள், இந்தக் கதைக்கு அது தேவைப்படாது. தாழைத் திறக்கத் தங்கை போட்ட நிபந்தனை இதுதான்: நான் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், மாப்பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்காரலாம். ஆனால் கதை பற்றி "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.