இரண்டாவது கார்டுக்குப் பூசை

புத்தூர்ச் சந்தியில் தேர்த்திருவிழாக் கூட்டம். தேர் இல்லை, சாமி மட்டும் இருந்தார். பெயர் பரமலிங்கம். தொழில், கொம்பியூட்டர்க் கடை. அருள்வாக்கு இதுதான்: "கேமின்ரை படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் கார்ட் ஒண்டெண்டால் தனிச் சிவன். இரண்டாவதைப் போட்டாத்தான் சக்தி சேரும். பிறகு கேம் பறக்கும்!"

பறக்கத்தான் செய்தது! விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் எண், திரையின் மூலையில் நாற்பதில் கிடக்கும். பரமலிங்கம் கொம்பியூட்டர்ப் பெட்டியையும் இரண்டாவது கார்டையும் திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோவார். மணி கிலுங்கும். சாம்பிராணி மணக்கும். புது வான் வண்டிக்குச் செய்வதுபோலப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, அடியில் ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சை. வெளியே வந்தால் எண்பது! கூட்டம் கைகூப்பியது. ஒரேயொரு நிபந்தனை: பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சக்தி போய்விடுமாம். அடேயப்பா, எவ்வளவு வசதியான சக்தி!

சாருஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரிமலையிலிருந்து புத்தூர்வரை கேமில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனாலும் அவளுடைய கேம் அணியின் தலைவன் செந்தூரன், அப்போதுதான் பூசை முடிந்த தன் பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "இரட்டைக் கார்ட் இல்லாட்டில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலை உமக்கு இடமில்லை."

"அப்ப உம்மடை இரண்டாவது கார்டைக் கழட்டிப்போட்டு ஒருக்கா விளையாடிப் பாப்பம்."

"விசரே உமக்கு? சக்தி போயிடும்!"

"போனா நானும் அணியை விட்டுப் போறன். போகாட்டில்?"

கூட்டம் "கழட்டும் தம்பி, பாப்பம்!" என்றது. இலவச வேடிக்கையை யார் விடுவார்?

பரமலிங்கம் பாய்ந்து வந்தார். "பிள்ளை, தொடாதை! தோஷம் பிடிக்கும்!"

"பிடிச்சா எனக்குத்தானே அண்ணை?"

சாருஜா மின்சாரத்தை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்தாள். இரண்டாவது கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரும்பக் கேமைப் போட்டாள். எண்பது! சக்தி அசையவேயில்லை.

அடுத்து கேமின் அமைப்புகளைத் திறந்தாள். நிழல், இல்லை. புல், இல்லை. படத்தின் தரம், அடிமட்டம். வரைய வேண்டியது குறைந்தால் எண் தானாகக் கூடும். திரைச்சீலைக்குப் பின்னால் நடந்த பூசை இவ்வளவுதான். எல்லாவற்றையும் பழையபடி உயர்த்தினாள். நாற்பது. இரண்டாவது கார்டைத் திரும்பச் செருகினாள். அதே நாற்பது. அப்படியொரு கார்ட் இருப்பதே கேமுக்குத் தெரியாது.

"செந்தூரன், கேமிலை வாற மரத்திலை ஒரு இலைகூட இல்லாததை நீர் கவனிக்கேல்லையோ?"

"நான்... இலையுதிர் காலமெண்டு நினைச்சன்."

கூட்டம் கடை அதிரச் சிரித்தது. செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டு, "ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு நீர் வெள்ளனவே வந்திடும்" என்றான்.

பரமலிங்கம் விடுவாரா? "தேசிக்காய் பழசு! அதுதான் பிழைச்சது!"

வரிசையில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்ற நடராசா ஆவலோடு கேட்டார்: "அப்ப புதுத் தேசிக்காய் வைச்சாச் சரிவருமோ?"

சாருஜா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணை, உங்கடை தலைக்குள்ளையும் ஒண்டு கிடக்கு. அதுக்குப் பூசையும் வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம். ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோ."